பென்சீன்: பணியிட வரம்பின் வரலாறு

பென்சீன் நிறமற்ற, எளிதில் ஆவியாகும், தீப்பற்றக்கூடிய நீர்மம். மைக்கேல் பாரடே 1825ஆம் ஆண்டு இதைப் பிரித்தெடுத்தார். ரப்பர், கொழுப்பு, பிசின் ஆகியவற்றை நன்கு கரைப்பதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது தொழிற்சாலைக் கரைப்பானாகப் பரவியது. இதன் ஆவியை நெடுங்காலம் சுவாசித்தால், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சை சிதைகிறது. கடும் இரத்தசோகையும் இரத்தப் புற்றுநோயும் அதன் விளைவுகள்.

பணியிடக் காற்றில் ஒரு பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என விதிக்கப்படும் அளவே பணியிட வெளிப்பாட்டு வரம்பு. இது பெரும்பாலும் 8 மணி நேரச் சராசரியாகக் கூறப்படும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு ஆவி இருப்பது 1 பிபிஎம். 180 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு வகுப்பறையை மூடி வைத்தால், ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான பென்சீன் ஆவியானாலே இந்த அளவு எட்டிவிடும்.

முதல் எச்சரிக்கைகள்

1897இல் சுவீடனின் உப்சாலா நகரில், மிதிவண்டி டயர் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண்கள் கடும் இரத்தசோகையால் இறந்ததை மருத்துவர் சான்டெசன் பதிவு செய்தார். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் பென்சீன் பயன்பாடு பெருகியது. தொழில் மருத்துவ முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன் 1922இல் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்துக் கட்டுரை எழுதினார். 1926இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் ஆய்வுக்குழு 100 பிபிஎம் அளவை ஆராய்ந்தது. அதற்குக் கீழும் கணிசமான ஆபத்து எஞ்சுகிறது என்றே அக்குழு கண்டது. இருப்பினும் 100 என்ற எண்ணே பின்னர் வரம்பாக நிலைத்தது.

இறங்கிய எண்கள்

அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்களின் அமைப்பு ஒன்று பரிந்துரைத்த வரம்பு 1946இல் 100, 1947இல் 50, 1948இல் 35 பிபிஎம் எனக் குறைந்தது. அதே 1948இல் அமெரிக்க பெட்ரோலியக் கழகம் ஒரு நச்சியல் அறிக்கை வெளியிட்டது. முற்றிலும் பாதுகாப்பான அளவு சுழியம் மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது என்று அந்த அறிக்கையே கூறியது. ஆனாலும் நடைமுறைக்கு 50 பிபிஎம் அல்லது அதற்குக் குறைவான அளவையே பரிந்துரைத்தது.

துருக்கியின் இசுதான்புல்லில் காலணி செய்வோர் பென்சீன் கலந்த பசையைக் காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் பயன்படுத்தினர். இரத்தநோய் மருத்துவர் முசாபர் அக்சோய் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 28,500 தொழிலாளர்களிடையே 26 பேருக்கு இரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்ததைக் காட்டினார். இதற்கு முன்பே, 1971இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 136ஆம் உடன்படிக்கை 25 பிபிஎம் என்ற உச்ச அளவை வகுத்திருந்தது. தீங்கு குறைந்த மாற்றுப் பொருள் கிடைக்கும் இடங்களில் பென்சீனுக்குப் பதில் அதையே பயன்படுத்த வேண்டும் என்றும் அது கூறியது. இந்தியா இதனை 1991இல் ஏற்றது.

நீதிமன்றத்தில் ஒரு பிபிஎம்

1971இல் அமெரிக்காவின் சட்டபூர்வ வரம்பு 10 பிபிஎம். ஒகையோ மாநிலத்தில் ரப்பர் படலம் தயாரித்த தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கேனும் அதிகம் என 1977இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அரசின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் உடனே 1 பிபிஎம் என்ற அவசர விதியைப் பிறப்பித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1978இல் வந்த நிரந்தர விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த அறிக்கையை வெளியிட்ட பெட்ரோலியக் கழகமே.

1980 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் விதியை ரத்து செய்தது. நடப்பு அளவில் குறிப்பிடத்தக்க ஆபத்து உள்ளது என்பதை நிர்வாகம் முதலில் நிறுவ வேண்டும் என்று முதன்மைத் தீர்ப்பு கூறியது. நிச்சயமற்ற நிலையில் ஆபத்தின் சுமை தொழிலாளர் மீது விழும் என்பதே மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷலின் கவலை. கூடுதல் சான்றுகளுடன் 1 பிபிஎம் விதி மீண்டும் வர 1987 ஆயிற்று. இடைப்பட்ட பத்து ஆண்டுகளும் 10 பிபிஎம் வரையிலான காற்றைத் தொழிலாளர்கள் சுவாசிக்கச் சட்டம் அனுமதித்தது.

இன்றைய நிலை

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பென்சீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய நெறிமுறை, 2024 ஏப்ரல் முதல் 0.5 பிபிஎம், 2026 ஏப்ரல் முதல் 0.2 பிபிஎம் என வரம்பைக் குறைத்தது.

இந்த நூறு ஆண்டுகளில் பென்சீனின் நச்சுத்தன்மை மாறவில்லை. மருத்துவச் சான்று, அளக்கும் கருவிகளின் திறன், உற்பத்திச் செலவு, சட்டம் ஆகியவற்றுக்கு இடையிலான இழுபறியில் மாறியது வரம்பு மட்டுமே. ஆகவே வரம்பு என்பது ஆபத்து தொடங்கும் கோடு அன்று. எவ்வளவு ஆபத்தை ஒரு சமூகம் தன் தொழிலாளர் மீது சுமத்த ஒப்புகிறது என்பதன் அளவு. பெரும்பாலான திருத்தங்களுக்கும் முன்னால் நோயுற்ற தொழிலாளர்களின் பட்டியல் ஒன்று இருந்திருக்கிறது.