துணி ஆன்டெனா வடிவமைப்பில் ஈரத்தின் இடம்: அடித்தளத் துணித் தேர்வு குறித்த ஒரு வாதம்

முன்னுரை

உடையோடு உடையாகத் தைக்கப்பட்டு, அணிந்திருப்பவரின் உடல்நிலையையும் இருப்பிடத்தையும் வானலை வழியே அனுப்பும் ஆன்டெனாக்களைப் பற்றிய ஆய்வு கடந்த இருபதாண்டுகளில் விரைந்து வளர்ந்துள்ளது. இவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது பேட்ச் வகை: மேலே மின்கடத்தும் துணித்துண்டு, கீழே மின்கடத்தும் தரைத்தளம், இடையில் மின்கடத்தாத அடித்தளத் துணி. அடித்தளத்தின் ஒப்புமை விடுதிறனை அளந்து, அதற்கேற்பப் பேட்ச்சின் நீளத்தைக் கணக்கிட்டு, உலர்ந்த நிலையில் சோதிப்பதே வழக்கமான முறை. அடித்தளத் துணியைத் தேர்வதில் விடுதிறனைவிட ஈரம் ஏற்கும் இயல்புக்கே முதலிடம் தர வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கணக்கு காட்டுவது

துணியில் பெரும்பகுதி காற்று. அதனால் பெரும்பாலான துணிகளின் ஒப்புமை விடுதிறன் 1-க்கும் 2-க்கும் இடையில் நிற்கிறது. பருத்திக்கு 1.6 என்று கொண்டால், 2.45 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் பேட்ச்சின் நீளம் ஏறத்தாழ 48 மி.மீ. ஆகும். இதே அதிர்வெண்ணில் நீரின் ஒப்புமை விடுதிறனோ 80-ஐ நெருங்குகிறது. ஆகவே சிறிதளவு நீர் புகுந்தாலும் துணியின் மதிப்பு உயர்ந்துவிடும். அது 1.6-லிருந்து 10 விழுக்காடு உயர்ந்தாலே ஒத்ததிர்வு 2.34 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இயங்கும் பட்டை 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைதான். ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அதற்கு வெளியே போய்விடுகிறது.

இந்த ஈரம் மழையால்தான் வர வேண்டும் என்பதில்லை. 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமுள்ள சோதனைக்கூடக் காற்றிலேயே பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது. கம்பளி அதைவிடக் கூடுதலாக ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 விழுக்காடுதான். வியர்வை சேரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது.

விடுதிறன் 1.2 ஆயினும் 1.9 ஆயினும் பேட்ச்சின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்யலாம். அணிந்தபின் நேரத்துக்கு நேரம் மாறும் விடுதிறனை எந்த நீளத்தாலும் ஈடுசெய்ய முடியாது. என் வாதத்தின் அச்சாணி இதுவே.

இரண்டு மறுப்புகள்

அடித்தளத்தைத் தடிப்பாக்கிப் பட்டை அகலத்தை விரித்தால் அதிர்வெண் நகர்ந்தாலும் தாங்கும் என்பது முதல் மறுப்பு. இது பாதி உண்மை. நீர் அதிர்வெண்ணை நகர்த்துவதோடு ஆற்றலையும் விழுங்கி வெப்பமாக்குகிறது. அந்த இழப்பே பட்டை அகலத்தை விரித்துக் காட்டும். எனவே எதிரொளிப்பு இழப்பை மட்டும் அளப்பவருக்கு நனைந்த ஆன்டெனா நன்றாக இயங்குவதாகவே தோன்றும். கதிர்வீச்சுத் திறனையும் அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

நீர்புகாப் படலம் பூசினால் போதும் என்பது இரண்டாவது மறுப்பு. பாலியூரித்தேன் படலம் மின்கடத்தும் அடுக்கைச் சலவையிலிருந்து காப்பது உண்மை. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயினும் வெட்டு விளிம்புகளும் ஊசித் துளைகளும் ஆவிக்கு வழிவிடும். ஈரத்தை விரும்பும் நூல் உள்ளே இருக்கும்வரை ஆபத்து நீங்காது.

உடலும் கடத்தியும்

உடல் மற்றொரு சிக்கல். 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் ஒப்புமை விடுதிறன் சுமார் 53. தரைத்தளம் உடலை ஆன்டெனாவிலிருந்து மறைப்பதோடு, உடல் உட்கவரும் ஆற்றலையும் குறைக்கிறது. பேட்ச் வகையின் பெரிய வலிமை இது. வளைவையும் கருத வேண்டும்: ஒத்ததிரும் நீளத்தின் வழியே வளைவதுதான் அதிர்வெண்ணை மிகுதியாகப் பாதிக்கிறது. கையைவிட முதுகும் தோளும் ஏற்ற இடங்கள்.

கடத்தியைப் பொறுத்தவரை, இந்த அதிர்வெண்ணில் செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.3 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் செறிகிறது. மெல்லிய பூச்சில் சலவையால் விழும் விரிசல் நேரே மின்னோட்டத்தின் பாதையில் விழுகிறது. கடத்தியைப் பூத்தையலாக அமைத்தால் தையல் வரிகள் மின்னோட்டத் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மின்தடை கூடும்.

முன்மாதிரியும் முடிவும்

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்ட்லீர், ரோஜியர் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட தீயணைப்பு வீரர் உடைக்கான ஆன்டெனா, பாதுகாப்பு உடைகளில் ஏற்கெனவே பயன்படும் நெகிழ்நுரையை அடித்தளமாகக் கொண்டது. உடையில் முன்னரே உள்ள பொருள்களிலிருந்து அடித்தளத்தைத் தேர்வது சரியான தொடக்கம். அதே குழு ஈரப்பதத்தின் விளைவைத் தனியே ஆராய்ந்து, ஈரம் குறைவாக ஏற்கும் துணிகளே நிலையாக இயங்குவதைக் காட்டியது.

ஆகவே தேர்வு வரிசை இப்படி அமைய வேண்டும்: முதலில் ஈரம் ஏற்கும் அளவு, அடுத்து அழுத்தத்தில் தடிமன் மாறாமை, பிறகு ஆற்றல் இழப்பு, இறுதியாக விடுதிறனின் மதிப்பு. பருத்தியின் இதம் தோலுக்குத் தேவை. அதை உட்புறத் துணிக்கு விட்டு, ஆன்டெனாவைப் பாலியெஸ்டர் அல்லது நுரையாலான வெளி அடுக்கில் அமைக்கலாம். உலர்ந்த நிலை அளவீட்டோடு ஈர நிலை, வளைந்த நிலை, சலவைக்குப் பிந்தைய நிலை ஆகியவற்றின் கதிர்வீச்சுத் திறனையும் தராத எந்த வடிவமைப்பையும் அணியத்தக்கது என ஆய்விதழ்கள் ஏற்கலாகாது. புகைக்குள் நுழையும் வீரரின் உயிர் அந்த அளவீடுகளைச் சார்ந்திருக்கிறது.