ஊர் தெரியாமல் பேர் வைத்த கோழி

ஆங்கிலத்தில் வான்கோழிக்கு 'டர்க்கி' என்று பெயர். துருக்கி நாட்டுக்கும் அதுவே பெயர். துருக்கிக்காரர்களிடம் கேட்டால் அவர்கள் இந்தப் பறவையை 'ஹிந்தி' என்கிறார்கள். இந்தியாவுடையது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் 'தேந்த்' என்ற சொல்லும் 'இந்தியக் கோழி' என்பதன் சுருக்கம்தான். போர்ச்சுகீசியர்களுக்கோ இது 'பெரு'. சரி, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் என்ன சொல்கிறார்கள்? அங்கே பேசுவது ஸ்பானியம். அதில் வான்கோழி 'பாவோ'. அந்தச் சொல் முதலில் மயிலைக் குறித்தது.

துருக்கி, இந்தியா, பெரு மூன்றுமே இதன் ஊர் இல்லை. இது மெக்சிகோக்காரப் பறவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். வடக்கே, இன்றைய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பழங்குடியினரும் தனியாக வளர்த்து, இறகுகளைக் கயிற்றில் சுற்றிப் போர்வை நெய்தார்கள். மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் ஆண் வான்கோழிக்கு 'வெஷோலோட்ல்' என்று பெயர். தெஸ்கத்லிபோகா என்னும் பெருந்தெய்வமே வான்கோழி வடிவம் எடுப்பதாக நம்பினார்கள்.

1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் ஹெர்னான் கோர்தெஸ் மெக்சிகோவில் இறங்கினார். அவருடைய ஆட்கள் சந்தைகளில் இதைப் பார்த்து, மயில் அளவுக்கு வளர்ந்த கோழி என்று வியந்தார்கள். அந்த ஒப்பீடு ஒட்டிக்கொண்டது. ஆண் பறவை வாலை விசிறியாக விரிப்பதைப் பார்த்த யாருக்கும் மயில் நினைவு வரும்தானே! லத்தீனிலிருந்து வந்த 'பாவோ' என்ற மயிலின் பெயரை ஸ்பானியர்கள் வான்கோழிக்குக் கொடுத்துவிட்டார்கள். மயிலுக்கு 'பாவோ ரேயால்', அரச மயில் என்று அடைமொழி போட்டுப் பேச வேண்டியதாயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

தமிழும் இதே வேலையைச் செய்திருக்கிறது. மயிலாடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்தாடும் வான்கோழியை 'மூதுரை'யில் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த நூல் சோழர் காலத்து ஔவையாருடையது என்று கொள்ளப்படுகிறது. அப்படியானால் அது அமெரிக்கப் பறவையாக இருக்க வழியே இல்லை. ஏற்கெனவே வேறொரு பறவைக்கு இருந்த பெயர், கப்பலேறி வந்த புதியவனுக்கு மாறியிருக்கிறது. இரண்டு மொழிகளும் வான்கோழியை மயிலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மயிலே நம் பக்கத்திலிருந்து மேற்கே போனது. எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'யிலிருந்து வந்தது என்று கால்டுவெல் முதலாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் குழப்பம் பெருகியதற்கு வியாபாரிகள்தான் காரணம். ஆப்பிரிக்காவின் கினிக்கோழியை ஆங்கிலேயர்கள் துருக்கி ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகங்கள் வழியாக வாங்கி, அதை 'டர்க்கி கோழி' என்று அழைத்துவந்தார்கள். மெக்சிகோப் பறவை வந்ததும் இரண்டும் ஒன்றென நினைத்தார்கள். 1550இல் யார்க்ஷயரைச் சேர்ந்த வில்லியம் ஸ்டிரிக்லாண்டுக்கு வழங்கிய குடும்பச் சின்னத்தில் வான்கோழி இடம்பெற்றது; அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பது வழிவழி வந்த பேச்சு. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அது அங்கே எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில் ஒரு சுமை வண்டிக்காரன் கூடையில் வான்கோழிகளை வைத்திருக்கிறான். நாடகம் நடப்பதோ 1400களின் தொடக்கத்தில். கொலம்பஸ் அப்போது பிறக்கவே இல்லை!

1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்: 'மெலியாகிரிஸ் கல்லோபாவோ'. முதல் சொல் கிரேக்கர்கள் கினிக்கோழிக்கு வைத்த பெயர். இரண்டாவதில் சேவலும் மயிலும் ஒட்டிக்கிடக்கின்றன. வேறு மூன்று பறவைகள் அதில் இருக்கின்றன, மெக்சிகோவின் சுவடே இல்லை.

டச்சுக்காரர்கள் வான்கோழியை 'கல்கூன்' என்றார்கள். கோழிக்கோட்டுக் கோழி, அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி. டேனிஷ், ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் மொழிகளுக்கும் அந்தப் பெயர் பரவியது. டச்சுக்காரர்கள் இலங்கையின் கரையோரத்தை ஆண்டபோது சிங்களத்துக்கும் போய் 'களுகுமா' ஆனது. ஒருநாளும் கேரளக் கரையில் பிறக்காத பறவை, கேரளத்து ஊர்ப் பெயரைச் சுமந்து உலகைச் சுற்றிவிட்டு இலங்கை வரை திரும்பி வந்திருக்கிறது.

பறவையும் நிஜமாகவே இந்தியா வந்தது. 1612இல் முகலாய அதிகாரி முகர்ரப் கான் கோவாவில் போர்ச்சுகீசியர்களிடம் விநோத விலங்குகள் வாங்கிவந்து பேரரசர் ஜஹாங்கீருக்குக் கொடுத்தார். அவற்றில் ஒன்று வான்கோழி. பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை என்று பேரரசர் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவரும் பெண் மயிலைவிடப் பெரிது, ஆண் மயிலைவிடச் சிறிது என்று மயிலை வைத்தே அளந்தார். அதன் தலையும் கழுத்தும் பவழச் சிவப்பாகவும் பஞ்சு வெள்ளையாகவும் நீலப்பச்சையாகவும் மாறுவதை அவர் வெகு கவனமாகப் பார்த்திருக்கிறார். படிப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று ஓவியர்களை வரையவும் சொன்னார். அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பறவையைப் பற்றி எழுதியவர்களில் ஊர்ப் பெயரைக் கற்பனை செய்யாமல், கண்ணால் கண்டதை மட்டும் எழுதிய ஜஹாங்கீரைத்தான் நான் முதல் இடத்தில் வைப்பேன்.

ஐரோப்பாவில் வளர்த்த வான்கோழிகளை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவுக்கே திரும்பக் கொண்டுபோனார்கள். அங்கே சொல்லுக்குப் புதுப்புது அர்த்தங்கள் முளைத்தன. சுற்றி வளைக்காமல் பேசுவது 'டாக் டர்க்கி'. போதைப் பழக்கத்தை ஒரேயடியாக நிறுத்துவது 'கோல்டு டர்க்கி'. ஊத்திக்கொண்ட நாடகமும் டர்க்கி, பௌலிங் ஆட்டத்தில் தொடர்ந்து அடித்த மூன்று ஸ்டிரைக்கும் டர்க்கி.

இவற்றை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகும்போது அகராதியில் உள்ள 'பாவோ' கைகொடுக்காது. 'டாக் டர்க்கி'க்கு அவர்கள் தானியத்துக்குப் போவதாகச் சொல்வார்கள். போதையை நிறுத்தியவர் படும் அவதிக்கு ஸ்பெயினில் பெயர் 'மோனோ', குரங்கு! பாவோவுக்கென்று தனியாக வேறு வாழ்க்கை இருக்கிறது. விடலைப் பருவம் அவர்களுக்கு 'பாவோ வயது'. முகம் சிவந்தால் பாவோ ஏறிவிட்டது என்பார்கள். காதலர்கள் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டே இருந்தால், பெட்டை வான்கோழிக்கு இறகு பிடுங்குகிறார்களாம்.

ஸ்பானியம் பேசும் நாடுகளுக்குள்ளேயும் பெயர் ஒன்றல்ல. கியூபாவில் 'குவானாஹோ', குவாத்தமாலாவில் 'சொம்பீப்பே'. மெக்சிகோவிலோ அந்தப் பழைய வெஷோலோட்ல்தான் 'குவாஹொலோத்தே'யாக இன்றும் வாழ்கிறது. மிளகாயும் கொக்கோவும் சேர்த்து அரைத்த 'மோலே' குழம்பில் அதை வேகவைத்துக் கல்யாண விருந்தில் பரிமாறுகிறார்கள். ஸ்பானியம் படிக்கும் நண்பர்களே, பாவோவோடு நின்றுவிடாதீர்கள். மெக்சிகோ போனால் 'குவாஹொலோத்தே' என்றே கேட்டுச் சாப்பிடுங்கள். அது அந்த மண்ணிலேயே பிறந்த பெயர்.