ஓட்டமாவடிப் பாலமும் காப்புக் கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் போக்குவரத்து வரலாற்றில் 1928ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதாகும். மாகோவிலிருந்து கிழக்கு நோக்கி அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை அவ்வாண்டில் மட்டக்களப்பு நகரை எட்டியது. புணானையைத் தாண்டி வரும் அப்பாதை ஓட்டமாவடியில் களப்பைக் கடந்து வாழைச்சேனையை அடைகின்றது. அங்கு அமைந்த பாலம் புகையிரதத்துக்கும் தெரு வாகனங்களுக்கும் பொதுவானதாக இருந்தது. தெருவுக்கெனத் தனியான புதிய பாலம் 2010ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, புகையிரதம் செல்லும் வேளையில் வாகனங்கள் இரு கரையிலும் காத்து நின்றன. ஒரு வழி ஒரு வேளையில் ஒருவருக்கே உரியது என்னும் விதியே அப்பாலத்தின் காவலாயிற்று.

ஒற்றைப் புகையிரதப் பாதை முழுவதற்கும் இவ்விதி பொருந்தும். இதனைக் காப்பதற்கு மனிதர் கருவிகளை நாடினர். ஆயின் காக்கும் கருவியே பழுதுற்றால் அதனை அறிவிப்பது எது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு, புகையிரதத்தின் எல்லைகளைக் கடந்து, இன்று கீழைக் கரையின் கடல் வரை நீண்டு கிடக்கின்றது.

1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையில், தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதின. உரிய ஒப்பம் பெறாத தந்தியொன்று அனுப்பப்பட்டமையே அதற்குக் காரணம். இதன் பின்னர் எட்வேட் டயர் என்பார் 1878இல் தகட்டுக் கருவியை ஆக்கினார். அயலிலுள்ள இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். அவை கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து உலோகத் தகடொன்று வெளியே எடுக்கப்பட்டால், அது மீள இடப்படும்வரை இரண்டு கருவிகளும் வேறு தகட்டைத் தரமாட்டா. தகடின்றிச் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் இம்முறை நெடுங்காலம் கையாளப்பட்டு வந்துள்ளது.

இக்கருவியில் நோக்கற்பாலது ஒன்றுண்டு. எதிர் நிலையத்திலிருந்து மின்னோட்டம் வந்தாலன்றித் தகடு வெளிவராது. ஆகவே கம்பி அறுந்தால் வண்டி புறப்படாது நிற்கும். தாமதம் நேருமேயன்றி மோதல் நேராது. அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் 1872இல் கண்ட தண்டவாள மின்சுற்றும் இதே தத்துவத்தில் எழுந்தது. தண்டவாளத்தினூடாக இடையறாது ஓடும் மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தைத் தாங்கி நிற்கும் வரையிலேயே கைகாட்டி வழிவிடும். வண்டியின் சக்கரங்கள் அவ்வோட்டத்தைக் குறுக்கே மறித்தாலும், தண்டவாளம் முறிந்தாலும், மின்கலம் வலுவிழந்தாலும் கைகாட்டி ஆபத்தையே காட்டும். மின்னோட்டம் இன்மையைப் பாதுகாப்பு எனக் கொள்ளாது ஆபத்து எனக் கொண்டமையே இக்கண்டுபிடிப்பின் சிறப்பு.

எனினும் கருவி நன்றாயிருந்தும் உயிர்கள் மாய்ந்ததுண்டு. 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் நிலையத்தில், வந்த வண்டி ஒப்படைத்த தகடே தவறுதலாக அதே வண்டிக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தகட்டிலிருந்த பெயரை எவரும் வாசித்துப் பார்க்கவில்லை. அவ்விபத்தில் பதினேழு பேர் இறந்தனர். கருவியின் சொல்லைச் சரிபார்க்கும் கடமை மனிதனை விட்டு நீங்குவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கைகாட்டிக்கு இரு நிலைகளே உண்டு. அமுக்கம், வெப்பநிலை, நீர்மட்டம் முதலியனவோ எண்ணற்ற அளவுகளைக் கொள்வன. இவற்றை மின்னோட்டமாக மாற்றித் தொலைவுக்கு அனுப்பும் முறையில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான அளவு நிலைபெற்றது. மிகக் குறைந்த அளவுக்குச் சுழியத்தை வைக்காது 4 மில்லியம்பியரை வைத்தது ஏன்? சுழியம் என்பது கம்பி அறுந்ததற்கு அடையாளமாகத் தனித்து நிற்றல் வேண்டும் என்பது முக்கியமான காரணமாகும். றொபின்சனின் தத்துவம் இங்கு புதுவடிவம் பெற்றது எனலாம்.

ஆயினும் அறுந்த கம்பியிலும் கொடியது பொய்யுரைக்கும் கம்பி. 250 ஓம் தடையொன்றினூடாகச் செல்லும் 4 மில்லியம்பியர் 1 வோற்று அழுத்தத்தையும், 20 மில்லியம்பியர் 5 வோற்று அழுத்தத்தையும் தரும். இதனை 4096 படிகள் கொண்ட இலக்கமாற்றி முறையே 819, 4095 என்னும் எண்களாக்கும். அத்தடை நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்திருப்பின், உச்ச அளவில் 4095க்குப் பதிலாக 4054 என்ற எண்ணே கிடைக்கும். அஃதாவது கருவி ஏறத்தாழ 98.7 சதவீதத்தையே காட்டும். 99 சதவீதத்தில் ஒலிக்குமாறு அமைத்த அபாயமணி, அளவு தன் உச்சத்தைத் தொட்டபோதும் ஒலியாது. கம்பி அறவில்லை; எண் வருகின்றது; எல்லாம் நலமெனவே தோன்றும். நன்கறிந்த இரு மின்னோட்டங்களைச் செலுத்தி, வரும் எண்களை ஒப்பிட்டுத் திருத்தும் அளவுகோடிடல் ஒன்றே இக்குறையை வெளிப்படுத்தும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் இவ்வுண்மை கிழக்கிலங்கையின் கரையில் பேருருவம் கொண்டது. அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. பசுபிக் எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்துள் அதன் பருமனை 8.0 எனக் கணித்தது. உண்மையான பருமன் 9.1 எனப் பின்னரே தெளிவாயிற்று. அத்துணைப் பெரிய நடுக்கத்தின் நெடிய அலைகளை அவசரக் கணிப்பு முறை முழுமையாக உள்வாங்கவில்லை. இந்து சமுத்திரத்திலோ எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் அலைகள் கீழைக் கரையை அடைந்து, ஓட்டமாவடிக்கு அண்மையிலுள்ள கல்குடா, பாசிக்குடாக் கரைகளையும் தாக்கின. அவ்விரண்டு மணி நேர மௌனத்தை மக்கள் அமைதி என்றே நம்பினர்.

பின்னர் இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகள் அதன் செய்திகளை வழங்கி வருகின்றன. ஆழ்கடலின் அடியில் அமுக்கத்தை அளக்கும் கருவிகள், நீர்மட்டத்தின் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த மாற்றத்தை உணரவல்லன. அவற்றுள் ஒரு வகை, கடல் அமைதியாயுள்ள நாளிலும் ஆறு மணிக்கொருமுறை தன் அளவுகளை அனுப்புகின்றது. குறித்த வேளையில் செய்தி வராவிடின் கருவி பழுதுற்றது என அறியலாம். 4 மில்லியம்பியர் கம்பியில் செய்யும் பணியை இச்செய்தி கடலில் செய்கின்றது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 பருமனில் நிலம் நடுங்கியபோது இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு வெளியேறினர். பேரலை வரவில்லை. அன்றைய அலைச்சலை வீணெனக் கருதுவோர், கம்பி அறுந்து வண்டி நின்ற தாமதத்தையும் வீணென்றே கருதுதல் வேண்டும்.

ஓட்டமாவடிப் பாலத்தில் காத்து நின்றோர் இழந்தது சில நிமிடங்களே. கரையோரத்துக் கோபுரங்களையும் ஆழ்கடற் கருவிகளையும் ஆபத்தில்லாத நாட்களிலேயே சோதித்து அளவுகோடிடுவதற்குச் செலவாகும் பொழுதும் பொருளும் அத்தன்மையனவே. சோதிக்கப்படாத கருவியின் மௌனத்தை நம்பிக் கரையோரத்து மக்கள் இனியொருமுறை கண்ணயர்தல் ஆகாது.