பனி நாட்டில் ஒலித்த ராப்: நார்வேயிலும் சாமி மண்ணிலும் ஹிப் ஹாப்

ஹிப் ஹாப் என்றதும் பலருக்கு நியூயார்க் நகரம்தான் நினைவுக்கு வரும். தொளதொளத்த காற்சட்டை, தலைகீழாகச் சுழலும் ஆட்டம், சுவரெங்கும் வண்ண எழுத்து, மூச்சு விடாமல் கொட்டும் சொற்கள். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நகரின் பிரோங்ஸ் வட்டாரத்தில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த டிஜே கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஒரு கொண்டாட்டத்தையே இக்கலையின் பிறந்த நாளாகக் கொள்வது வழக்கம்.

அந்தக் கலை பத்தே ஆண்டுகளில் கடல் தாண்டி, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று அங்கு ஹிப் ஹாப் என்பது இளையோரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆய்வு செய்யப்படும் வரலாறு, ஆவணமாகச் சேகரிக்கப்படும் செல்வம், கண்காட்சியில் வைக்கப்படும் பண்பாடு. அப்படிக் காட்சிக்கு வைக்கும்போது 'நார்வேஜிய ஹிப் ஹாப்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. 'நார்வேஜிய, சாமி ஹிப் ஹாப்' என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரே நாடு, ஒரே இசை. பெயர் மட்டும் ஏன் இரண்டு? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு நீண்ட வரலாறு கிடைக்கும்.

திரைப்படம் கொண்டு வந்த ஆட்டம்

1980களின் தொடக்கத்தில் நார்வேயில் நாடு முழுதும் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிலையம் ஒன்றே ஒன்றுதான். அது அரசுக்குச் சொந்தமான என்.ஆர்.கே. வெளியுலகின் புதிய இசை அங்கு எட்டிப் பார்ப்பதே அரிது. இந்த நிலையில் 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'பீட் ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கத் திரைப்படம் ஒரு தலைமுறையையே ஆட்டி வைத்தது. படத்தில் கண்ட அசைவுகளை இளைஞர்கள் தாங்களே பழகிக்கொண்டார்கள். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. ஆடிய காலும் பார்த்த கண்ணுமே ஆசான்.

ஆக, நார்வே ஹிப் ஹாப்பின் முதல் அலையில் ஆட்டத்துக்கும் சுவர் ஓவியத்துக்கும்தான் முதலிடம். சொல் பின்னால் வந்தது. வந்தபோதும் ஆங்கிலத்தில்தான் வந்தது. 1990களில் ஓஸ்லோவில் டாமி டீ என்ற இசைத் தயாரிப்பாளர் 'ஃபேட் கேப்' என்ற இதழை நடத்தி, சொந்த இசை நிறுவனமும் தொடங்கி, 'வார்லாக்ஸ்' போன்ற குழுக்கள் வளர வழி செய்தார். ஆனால் அந்தக் குழு பாடியதும் ஆங்கிலமே. தாய்மொழியில் ராப் பாடினால் கேட்பவர்கள் சிரிப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு இருந்தது.

எந்த மொழியில் பாடுவது?

தயக்கத்தை உடைத்தவர்கள் சிலர். 1993ஆம் ஆண்டு ஓஸ்லோவில் உருவான 'காட்டாஸ் பார்லமெண்ட்' குழு, அரசியல் பேசும் ராப் பாடல்களை நார்வேஜிய மொழியிலேயே பாடியது. அந்தப் பெயருக்குத் 'தெருவின் நாடாளுமன்றம்' என்று பொருள்.

நார்வேயில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு வட்டார வழக்கு உண்டு. எழுதுவதற்கும் பூக்மோல், நீநொர்ஸ்க் என இரண்டு வடிவங்கள் உள்ளன. இரண்டும் சமம் என்று 1885ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் முடிவு செய்தது. நீநொர்ஸ்க் வடிவத்துக்கு அடித்தளம் இட்டவர் ஈவார் ஓசன் என்ற மொழியறிஞர். ஊர் ஊராக நடந்து, உழவர்களின் பேச்சைக் கேட்டு இலக்கணம் எழுதியவர் அவர். அவர் பிறந்த இடம் ஹோவ்டெபிக்டா என்ற சிற்றூர். அதே ஊரிலிருந்து கிளம்பிய 'சீடெ ப்ரோக்' என்ற ராப் குழு, 2004ஆம் ஆண்டு தன் ஊர்ப் பேச்சிலேயே ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் குறிப்பேட்டில் எழுதிய பேச்சை, இருபத்தோராம் நூற்றாண்டில் இளைஞர்கள் ஒலிவாங்கியில் முழங்கினார்கள்.

அதற்கு முன்பே 2000ஆம் ஆண்டில், வடக்கே பூடோ நகரத்து 'துங்வான்' குழு தலைநகரத்துப் பேச்சைப் பின்பற்றாமல் வடபுல வழக்கிலேயே பாடிப் பெயர் பெற்றது. பின்னர் எகிப்தியப் பின்னணி கொண்ட மக்தியும், குஜராத்திக் குடும்பத்தில் பிறந்த சிராக் பட்டேலும் சேர்ந்த 'கார்ப்பெ' இருவர் குழு, குடியேறியவர்களின் பிள்ளைகளும் இந்த மொழிக்கு உரியவர்களே என்று காட்டியது. 2022ஆம் ஆண்டு ஓஸ்லோவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் அவர்கள் நடத்திய பத்து நிகழ்ச்சிகளுக்கும் நுழைவுச்சீட்டு முழுதும் விற்றுத் தீர்ந்தது.

ஆகவே நார்வேயர்களுக்கு ராப் என்பது தங்கள் பேச்சு மொழியின் மீது கொண்ட கூச்சத்தைப் போக்கிய கலை எனலாம். சாமி மக்களின் கதை வேறு. அவர்கள் மொழியின் மீது விழுந்தது கூச்சம் அல்ல, தடை.

சாமி மக்கள் யார்?

இங்கே சாமி என்பது கடவுளைக் குறிக்கும் சொல் அன்று. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில் வாழும் பூர்வகுடி மக்களின் பெயர் அது. பனிமான் மேய்ப்பதும் மீன்பிடிப்பதும் அவர்களின் மரபுத் தொழில்கள். நார்வேயில் அவர்கள் செறிந்து வாழும் ஃபின்மார்க், டென்மார்க் நாட்டைவிடப் பரப்பில் பெரியது. மக்களோ ஏறத்தாழ 75,000 பேர்தான். 1980களிலும் 90களிலும் இலங்கைத் தமிழர் பலர் இதன் கடற்கரை ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்ததால், இந்தப் பெயர் தமிழர்களுக்கு முற்றிலும் புதியதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நார்வே அரசு சாமி மக்களை நார்வேயர்களாக மாற்றும் கொள்கையைக் கடைப்பிடித்தது. பாடத்தைப் புரிய வைக்கத் தவிர்க்க முடியாத அளவுக்கு மட்டுமே பள்ளியில் சாமி மொழியைப் பயன்படுத்தலாம் என்று 1898ஆம் ஆண்டு ஆணை வந்தது. நார்வேஜிய மொழியைப் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்தவருக்கே ஃபின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும் என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. மொழியை விட்டால் நிலம் உண்டு. மொழியைப் பிடித்துக்கொண்டால் நிலம் இல்லை.

திரும்பி வந்த மேளம்

சாமி மக்களின் மரபுப் பாட்டுக்கு யோய்க் என்று பெயர். ஒருவரைப் பற்றிப் பாடுவது அன்று, அவரையே பாட்டாக்குவதுதான் யோய்க் என்று அவர்கள் சொல்வார்கள். கிறித்துவப் பாதிரிமார்கள் அதைப் பாவம் என்றார்கள். சாமிப் பூசாரிகளின் தோல் மேளங்களைப் பறித்தார்கள், எரித்தார்கள்.

அவற்றில் ஒரு மேளத்தின் கதை தெளிவாகப் பதிவாகியுள்ளது. அதன் உரிமையாளர் ஆண்டர்ஸ் போல்சன் என்ற முதியவர். மேளத்தைப் பறித்துக்கொண்டு, சூனியக் குற்றம் சாட்டி 1692ஆம் ஆண்டு வாட்சோ நகரில் அவரை விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன்பே காவலில் இருந்த அவர் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க் அரச சேகரிப்புக்குப் போனது. 1979ஆம் ஆண்டு முதல் அது காரஷோக் நகரிலுள்ள சாமி அருங்காட்சியகத்தில் இருந்தாலும், இரவல் பொருளாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டில்தான் அது சாமி மக்களுக்கே சொந்தமாகத் திருப்பித் தரப்பட்டது. ஒரு மேளம் வீடு திரும்ப 330 ஆண்டுகள் ஆயின!

அணையும் ஒரு கிராமமும்

1970ஆம் ஆண்டு, ஆல்ட்டா ஆற்றில் மின்சார அணை கட்டும் திட்டத்தால் மாசே என்ற சாமி கிராமமே நீரில் மூழ்கும் நிலை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1973ஆம் ஆண்டு அந்தக் கிராமம் மட்டும் காப்பாற்றப்பட்டது. அணைத் திட்டமோ கைவிடப்படவில்லை. 1979ஆம் ஆண்டு சாமி இளைஞர்கள் ஓஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தனர். 1980ஆம் ஆண்டு யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு நார்வே அனுப்பிய பாடலிலேயே மாத்தீஸ் ஹேட்டாவின் யோய்க் ஒலித்தது. 1981ஆம் ஆண்டு ஜனவரியில், கடுங்குளிரில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களை ஏறத்தாழ 600 போலீசார் அப்புறப்படுத்தினர்.

அணை கட்டப்பட்டது. ஆனால் போராட்டம் வீண்போகவில்லை. 1989ஆம் ஆண்டு காரஷோக்கில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு மன்னர் ஹாரல்ட் அங்கு சென்று, அரசு இழைத்த அநீதிக்கு மன்னிப்புக் கேட்டார்.

மூழ்காமல் பிழைத்த அதே மாசே கிராமத்திலிருந்துதான் 'ஸ்லின்கிரேஸ்' என்ற பெயரில் பாடும் நீல்ஸ் ரூனே உட்சி வந்தார். வட சாமி மொழியில் ராப் பாடுகிறார். அந்த மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 20,000 பேர். இத்தனை சிறிய மொழியில் ராப் பாடியே பிழைக்க முடியுமா என்ற அவரது போராட்டத்தை, 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆர்க்டிக் சூப்பர்ஸ்டார்' என்ற ஆவணப்படம் காட்டியது.

பின்லாந்துப் பகுதியில் இன்னும் சிறிய மொழி ஒன்று உண்டு. இனாரி சாமி மொழியைப் பேசுவோர் சில நூறு பேர்தான். அம்மொழியைக் காக்க 1986ஆம் ஆண்டு தொடங்கிய சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர் மத்தி மொரொத்தாயா. அவரது மகன் மிக்கால், 'அமோக்' என்ற பெயரில் 2007ஆம் ஆண்டு அம்மொழியின் முதல் ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டார். தந்தை சங்கம் வைத்து மொழி காத்தார். மகன் தாளம் போட்டு மொழி காத்தார். சுவீடனில் மாக்சிடா மேராக் யோய்க்கையும் ராப்பையும் இணைத்துப் பாடி, சுரங்கத் திட்டங்களுக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். 2019ஆம் ஆண்டு யூரோவிஷன் போட்டியில் நார்வேயின் 'கெயினோ' குழுவில் ஃப்ரெட் புல்யோ யோய்க் பாடியபோது, நேயர் வாக்குகளில் அக்குழுவே முதலிடம் பெற்றது.

ஏன் ராப்? பாட்டுக்கு இனிய குரல் வேண்டும், வாத்தியம் வேண்டும், பயிற்சி வேண்டும். ராப்புக்கு முதலில் வேண்டியது சொல். ஒரு மொழியின் சொற்களை அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டும். எதுகை தேட வேண்டும். இல்லாத சொல்லைப் புதிதாகச் செய்ய வேண்டும். பாட்டனின் மொழி என்று ஒதுக்கப்பட்டதை இளையோரின் மொழியாக மாற்ற இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்குமா?

ஓஸ்லோ மாநகராட்சி 2000களில் சுவர் எழுத்துகளைச் சற்றும் பொறுத்துக்கொள்ளவில்லை, கண்டவுடன் அழித்தது. அதே மாநகராட்சி 2016ஆம் ஆண்டு தெருக்கலையை வளர்க்கச் செயல்திட்டம் வகுத்தது. அழித்த கையே பிறகு அணைத்தது. கண்காட்சிகளில் ஹிப் ஹாப் இடம்பெறுவது பெருமைதான். ஆனால் எது வைக்கப்பட்டிருக்கிறது என்பதோடு, எது முன்பு அழிக்கப்பட்டது, யார் அழித்தார்கள் என்பதையும் சொல்லும் கண்காட்சியே முழுமையானது.

சாமி மக்களுக்கு இது பழங்கதையும் அன்று. ஃபோசன் காற்றாலைகள் சாமி மேய்ப்பர்களின் உரிமையை மீறுகின்றன என்று 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் காற்றாலைகள் சுழன்றன. 2023ஆம் ஆண்டு இளையோர் மீண்டும் ஓஸ்லோவில் மறியல் செய்தனர். அதே ஆண்டு உண்மை, நல்லிணக்க ஆணையம் அறிக்கை தந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்புக்கு மதிப்பு உண்டு. எனினும் மன்னிப்பால் ஒரு மொழி பிழைப்பதில்லை. வீட்டில் பேசும் தாயும், பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியரும், மேடையில் அதை உரக்க முழங்கும் இளைஞனும் சேர்ந்தால்தான் பிழைக்கும். ஒலிநாடாவையும் சட்டையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். மொழி மட்டும் வாயில்தான் இருக்க வேண்டும். சாமி இளைஞர்கள் அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள். பெயர் இரண்டாக இருப்பதன் காரணம் அதுதான்.