காதொலிக் கருவிக்குப் பழகுதல்

காதொலிக் கருவிக்குப் பழகுதல் என்பது, செவித்திறன் குறைந்த ஒருவர் முதன்முறையாகக் காதொலிக் கருவி அணியத் தொடங்கிய பின், அதன் வழியே வரும் ஒலிகளை இயல்பானவையாக ஏற்று, பேச்சைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இக்கருவி காது மெஷின் என்று அழைக்கப்படுகிறது. மூக்குக் கண்ணாடியை அணிந்த உடனேயே எழுத்து தெளிவாவதைப் போல, கருவியை அணிந்த அன்றே பேச்சும் தெளிவாகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. பழகுவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். இதனை முன்கூட்டியே அறியாதவர்கள் முதல் வாரத்திலேயே கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதுண்டு. இக்கட்டுரை வளர்ந்தோர் காதொலிக் கருவிக்குப் பழகுவதைப் பற்றியது.

பின்னணி

உட்செவியில் நத்தை வடிவிலுள்ள உறுப்பில் அமைந்த மயிர்க்கலங்கள், ஒலி அதிர்வுகளை நரம்புக் குறிப்புகளாக மாற்றுகின்றன. முதுமை, நீண்டகால இரைச்சல், சில மருந்துகள் போன்றவற்றால் இக்கலங்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. முதுமையாலும் இரைச்சலாலும் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளில் தொடங்குகிறது. இரைச்சலால் ஏற்படும் இழப்பு, ஆடியோகிராம் எனப்படும் கேள்திறன் வரைபடத்தில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு பள்ளமாகத் தெரியும்.

பேச்சில் உயிரொலிகள் வலுவானவை; தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. க, ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் மெல்லிய கூறுகள் பெரிதும் உயர் அதிர்வெண்களில் உள்ளன. எடுத்துக்காட்டாக, கடை, சடை, தடை, படை ஆகிய நான்கு சொற்களும் முதல் மெய்யொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. உயர் அதிர்வெண் இழப்பு உள்ளவருக்கு இந்நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று இவர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

இவ்வகை இழப்பு பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஏற்படுவதால், மின்விசிறியின் ஓசை, தாள் சரசரப்பு, குழாயில் நீர் சொட்டுவது போன்றவை காதிலிருந்து மறைந்ததையே ஒருவர் உணர்வதில்லை. மூளையும் அவ்வமைதிக்குப் பழகிவிடுகிறது.

உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கையின்படி, உலகில் சுமார் 150 கோடி பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் இழப்பு உள்ளது. இவர்களுள் சுமார் 43 கோடி பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது.

முதல் நாட்களில் ஏற்படும் அனுபவங்கள்

* சூழல் ஒலிகள்: மின்விசிறி, பாத்திரங்கள், காலடியோசை, வாகன ஒலிப்பான் ஆகியவை பேச்சைவிட உரத்துக் கேட்பதாகத் தோன்றும். இவற்றுள் எது தேவையற்றது என்பதை மூளை இன்னும் பிரித்தறியத் தொடங்காததே இதற்கு முக்கியக் காரணம்.
* தன் குரல்: குடத்துக்குள் பேசுவது போலத் தன் குரல் முழங்கும். காதுக்குழாய் அடைபடுவதால், எலும்பு வழியே வரும் தாழ் ஒலிகள் வெளியேற வழியின்றித் தங்குகின்றன. காது அச்சில் காற்றுத்துளை இடுவதாலோ, திறந்த வகை முனைகளைப் பயன்படுத்துவதாலோ இது குறையும்.
* உரத்த ஒலிகளைத் தாங்க இயலாமை: "மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்பார், உரக்கப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்பார்" என்று வீட்டார் குறைபடுவதுண்டு. இது பிடிவாதமன்று. மயிர்க்கலங்களை இழந்த செவியில், கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க இயலாத அளவுக்கும் இடையிலுள்ள எல்லை சுருங்கிவிடுகிறது. ஆகவே இன்றைய கருவிகள் மெல்லிய ஒலிகளை அதிகமாகவும் உரத்த ஒலிகளைக் குறைவாகவும் பெருக்குகின்றன. 1996இல் சந்தைக்கு வந்த முழு எண்ணிமக் கருவிகளுக்குப் பின் இச்சரிசெய்தல் மேலும் நுட்பமானது.
* கீச்சொலி: மேடை ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியைக் கொண்டுசென்றால் எழும் கூச்சல் போன்றது. கருவி காதில் சரியாகப் பொருந்தாதபோதும், காதுக்குழாயில் குரும்பி அடைத்திருக்கும்போதும் ஏற்படும்.

ஆய்வுகள்

கருவி வழியே கேட்கும் ஒலிகளுக்கு மூளை தன்னைத் தகவமைத்துக் கொள்வது குறித்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. இரு காதுகளிலும் இழப்பு இருந்தும் ஒரு காதில் மட்டும் கருவி அணிந்தவர்களுள் சிலருக்கு, கருவி அணியாத காதின் சொல்லறி திறன் காலப்போக்கில் குறைந்ததாக 1984இல் சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் ஆகியோர் வெளியிட்டனர். 1992இல் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் வெளியிட்ட ஆய்வில், கருவியின் முழுப் பயன் 6 முதல் 12 வாரங்களில் வெளிப்பட்டது. எனினும் அவ்வாய்வில் பங்கேற்றோர் மிகச் சிலரே. பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் முன்னேற்றம் சிறிதாகவே இருந்தது. எனவே பழகும் காலம் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று கொள்வதே பொருத்தம்.

பழகும் முறை

செவித்திறன் வல்லுநர்கள் பொதுவாகப் பின்வரும் படிகளைப் பரிந்துரைக்கின்றனர். இவற்றின் வேகம் அணிபவரைப் பொறுத்தது.

# முதலில் அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் அணிதல். ஒவ்வோர் ஒலியும் எங்கிருந்து வருகிறது எனத் தேடிப் பெயரிட்டு அறிதல்.
# ஒருவருடன் மட்டும், முகம் பார்த்து உரையாடுதல்.
# செய்தித்தாளை உரக்கப் படித்தல். இது தன் குரலுக்குப் பழக உதவும்.
# வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளை, வீட்டிலுள்ள பிறருக்கு ஏற்ற ஒலியளவிலேயே கேட்டல்.
# இருவர் மூவருடன் உரையாடுதல். அதன் பின்னரே சந்தை, பேருந்து நிலையம், திருமண மண்டபம் போன்ற இரைச்சல் மிக்க இடங்களுக்கு அணிந்து செல்லுதல்.
# விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணியும் நிலையை அடைதல்.

விசேஷங்களுக்கு மட்டும் கருவியை அணிவது பலர் செய்யும் பிழை. அன்றாட ஒலிகளுக்குப் பழகாத மூளைக்கு, திருமண மண்டபத்தின் நாகசுரமும் கூட்டத்தின் பேச்சும் ஒரே இரைச்சலாகவே கேட்கும். இரு காதுகளிலும் இழப்பு இருந்தால் இரு கருவிகள் அணிவது, ஒலி வரும் திசையை அறியவும் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியவும் உதவும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

பழகுதல் என்பது எல்லாவற்றையும் சகித்துக்கொள்வதன்று. காதில் வலி, புண், சீழ் வடிதல், தாங்க இயலாத ஒலி, தொடர்ந்த கீச்சொலி ஆகியவை இருந்தால் உடனே வல்லுநரிடம் செல்ல வேண்டும். மெல்லிய குழல் ஒலிவாங்கியைக் காதுக்குழாயினுள் வைத்து, செவிப்பறை அருகே கருவி உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்து சரிசெய்ய முடியும். முதலில் சற்றுக் குறைந்த பெருக்கத்துடன் தொடங்கி, அடுத்தடுத்த வருகைகளில் உயர்த்துவதும் உண்டு. ஆகவே கருவி வாங்கியபின் மீண்டும் ஓரிரு முறையாவது வல்லுநரைக் காண்பது அவசியமாகும்.

திடீரென ஏற்படும் செவித்திறன் இழப்பு அவசர மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். அதற்குக் கருவி வாங்கச் செல்லாமல், உடனடியாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.

பராமரிப்பு

சென்னை போன்ற கடலோர நகரங்களின் ஈரப்பதமும் வியர்வையும் கருவியின் எதிரிகள். இரவில் மின்கலக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் இட்ட உலர்பெட்டியில் வைப்பது வழக்கம். குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். துத்தநாக-காற்று மின்கலங்கள் 10, 312, 13, 675 என்னும் அளவுகளில், முறையே மஞ்சள், பழுப்பு, செம்மஞ்சள், நீலம் ஆகிய நிறத் தாள்கள் ஒட்டப்பட்டு வருகின்றன. தாளை உரித்தபின் காற்று உட்புக ஓரிரு நிமிடம் விட்டு, அதன் பிறகே பொருத்த வேண்டும். "கருவி வேலை செய்யவில்லை" என்னும் முறையீடுகளில் பல, ஒலி வரும் துளையில் அடைத்த குரும்பியாலோ தீர்ந்த மின்கலத்தாலோ ஏற்படுபவை.

குடும்பத்தினரின் பங்கு

அடுத்த அறையிலிருந்தோ முதுகுப்புறமிருந்தோ அழைப்பதைத் தவிர்த்து, பெயர் சொல்லி அழைத்து, முகம் தெரியும்படி நின்று பேச வேண்டும். கத்த வேண்டியதில்லை, சற்று நிதானமாகப் பேசினால் போதும். ஒரு சொல் புரியாவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல், வாக்கியத்தை மாற்றிச் சொல்லலாம். "மெஷின் மாட்டியும் கேட்கவில்லையா" என்ற கேள்வி, பழகிக்கொண்டிருப்பவரைக் கருவியையும் உரையாடலையும் ஒருங்கே விட்டு விலகச் செய்யக்கூடும்.

தமிழ்நாட்டில்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் உருவாயின. இத்தகைய தொழிற்பகுதிகளில் உலோக அழுத்தப் பொறி, அரைவைப் பொறி போன்றவற்றின் இரைச்சலில் காதுறையின்றிப் பல ஆண்டுகள் பணியாற்றுவோருக்குச் செவித்திறன் இழப்பு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நூம்பல், பூந்தமல்லி, திருவேற்காடு வட்டாரத்தினருக்கு அருகில், போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் செவித்திறன் மற்றும் பேச்சு மருத்துவத்துக்கான துறை உள்ளது.

நடுவண் அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கீழும், மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகவும் தகுதியுடையோருக்குக் காதொலிக் கருவிகள் வழங்கப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைச் செவித்திறன் குறைந்தவர் என வரையறுக்கிறது. ஆனால் 40 டெசிபல் இழப்பு உள்ளவருக்கே அன்றாடப் பேச்சைக் கேட்பது கடினம். இவ்விடைவெளியில் உள்ளோர் பெரும்பாலும் சொந்தச் செலவில் கருவி வாங்க நேரிடுகிறது. அவ்வாறு வாங்கிய கருவி பயன்படாமல் பெட்டியில் கிடப்பது, பணத்தோடு கேட்கும் வாய்ப்பையும் இழப்பதாகும்.

இவற்றையும் பார்க்க

* செவி
* கேள்திறன் வரைபடம்
* செவிநரம்பு உள்வைப்பு
* ஒலி மாசு