காவ் சோய்: கோவேறு கழுதையோடு வந்த சாப்பாடு

முஸ்லிம் வியாபாரி என்றால் நாம் பிள்ளைகளுக்குக் கடலையும் கப்பலையும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மலைப் பாதையில் நடந்தவர்களைச் சொல்வதில்லை.

வட தாய்லாந்தில் சியாங் மாய் நகரின் பேர்போன சாப்பாடு காவ் சோய். தேங்காய்ப்பால் கறியில் கோழியும் முட்டை நூடில்ஸும். மேலே பொரித்த நூடில்ஸ், பக்கத்தில் சின்ன வெங்காயம், கடுகுக்கீரை ஊறுகாய், தேசிக்காய். சுற்றுலாக்காரருக்கு அது தாய் சாப்பாடு. அதைக் கொண்டு வந்தவர்கள் சீனாவின் யுன்னான் முஸ்லிம்கள் என்றே அங்கே சொல்கிறார்கள். கோவேறு கழுதைகளில் பொதி ஏற்றி பர்மா, சியாங் மாய் என்று வந்துபோன வியாபாரிகள். 1856இல் து வென்சியு தலைமையில் டாலி நகரில் அரசு அமைத்தார்கள்; 1873க்குள் சிங் பேரரசு அதை இரத்தத்தில் அடக்கியது. தப்பிய பலர் பர்மாவுக்கு ஓடினார்கள், சிலர் தாய்லாந்து வரை வந்தார்கள்.

ஹலால் பேணியவர்கள். அதனால்தான் கோழியும் மாடும், பன்றி இல்லை. தேங்காய்ப்பால் பிறகு சேர்ந்தது. யுன்னான் மலையில் தென்னை ஏது? லாவோஸ் காவ் சோயில் இன்றும் தேங்காய்ப்பால் கிடையாது.

சியாங் மாயில் பான் ஹோ பள்ளிவாசலுக்கு எதிரே வெள்ளிக்கிழமை காலையில் யுன்னான் முஸ்லிம்களின் சந்தை இன்னும் கூடுகிறது.