வட்டு வரிசையில் வேண்டுகோள்களின் இணைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் பணிசெயல் முறைமை பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. எந்தப் பொருளியல் நெருக்கடி எந்த முறையைத் தோற்றுவித்தது என்ற வினா அவற்றிற் பின்தள்ளப்படுகிறது. வட்டுக்குச் செல்லும் வாசிப்பு, எழுத்து வேண்டுகோள்களைக் கருனி ஒன்றிணைக்கும் முறையை இவ்வினாவின் ஒளியில் நாம் நோக்குவோம்.

1956 இல் ஐ.பி.எம். அறிமுகஞ் செய்த ராமாக் கணினியின் வட்டகத்தில் 50 வட்டுகள் இருந்தன. அது 50 இலட்சம் எழுத்துருக்களைக் கொண்டது. தரவை அடைய ஒரு கை அசையவேண்டும். வட்டகங்கள் சிறுத்தபோதும் இந்நிலை மாறவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லிசெக்கன் செல்லும். அவ்விடைவெளியில் இன்றைய செயலி கோடிக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். வரிசையை ஒழுங்குபடுத்துஞ் சிந்தனைக்கு இம்முரண்பாடே அடிப்படை.

அண்மையிலுள்ள தடத்தை முதலிற் கவனிக்கும் முறை, ஓரத் தடங்களுக்குரிய வேண்டுகோள்களைப் புறக்கணிப்பதை 1967 இல் பீற்றர் டெனிங் ஆராய்ந்தார். கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சென்று மீளும் முறை மின்தூக்கியின் பெயராலேயே வழங்கலாயிற்று.

இணைப்பு என்பது இதனின்றும் வேறானது. காத்திருக்கும் ஒரு வேண்டுகோள் முடியுமிடத்திற் புதியது தொடங்கினால் அதன் வாலிலும், அது தொடங்குமிடத்திற் புதியது முடிந்தால் அதன் தலையிலும் கருனி அதனைச் சேர்த்துவிடுகிறது. இவ்வாய்ப்பைப் பெருக்குவதற்காக வரிசையைச் சிறிதுநேரம் வேண்டுமென்றே அடைத்தும் வைக்கிறது. விரைவுக்காகத் தாமதித்தல் என்பது முரணாகத் தோன்றலாம்; ஆயின் அது பலனளித்தது.

எனினும் மொத்த விளைவு பெருகியபோது காத்திருப்பின் சுமை யார்மீது விழுந்தது? 2001 இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 இல் இவ்வினா கூர்மையடைந்தது. எழுதும் நிரல் பொதுவாகத் தன் வேண்டுகோளை ஒப்படைத்துவிட்டு மேற்செல்லும். வாசிக்கும் நிரலோ விடை வரும்வரை நின்றுவிடும். ஓரிடத்திற் குவியும் எழுத்துகள் தொடர்ந்து இணைக்கப்பட, தொலைவிலிருந்த வாசிப்புகள் பட்டினி கிடந்தன. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் யென்ஸ் ஆக்ஸ்போவின் காலக்கெடு முறை இடம்பெற்றது. வாசிப்புக்கு அரைச் செக்கன், எழுத்துக்கு 5 செக்கன் என அது எல்லை வகுத்தது. இக்கெடுக்கள் உத்தரவாதங்கள் அல்ல. ஆயினும் தனி வேண்டுகோளின் உரிமை மொத்த விளைவுக்கு எதிராக ஏற்கப்பட்டமை முக்கியமானது. 2006 முதல் நிரல்களுக்கிடையே நேரத்தைப் பங்கிடும் முறை லினக்ஸின் இயல்புநிலைத் தெரிவாயிற்று.

பின்னர் கையே இல்லாத திண்மநிலை வட்டுகள் பரவின. கை மறைந்தால் இணைப்பும் மறையும் என்பது இயந்திரவியற் பொருள்முதல்வாதம் தரும் முடிபு. நடந்தது அதுவன்று. வரிசைப்படுத்தல் கையின் குழந்தை. ஆகவே தன் அவசியத்தைப் பெரிதும் இழந்தது. இணைப்போ ஒவ்வொரு வேண்டுகோளுக்குஞ் செயலி செலவிடும் உழைப்பின் குழந்தை; அவ்வுழைப்பு எஞ்சியிருந்தது. பல செயலிகள் ஒரே வரிசையின் பூட்டுக்காகப் போட்டியிட்டமையால், 2014 சனவரியில் வந்த 3.13 பதிப்புப் பல்வரிசை அமைப்பை ஏற்றது. 2019 இல் 5.0 பதிப்புப் பழைய ஒற்றை வரிசையை நீக்கியது. ஆனால் ஒழுங்குபடுத்துமுறை எதுவுமின்றி இயங்கும் விரைவுச் சாதனத்திற்கூட அடுத்தடுத்த வேண்டுகோள்கள் இணைக்கப்படுகின்றன. இணையைத் தேடும் உழைப்பு, இணைப்பால் மிஞ்சும் உழைப்பை விஞ்சும் இடங்களும் உள. அவற்றுக்காகவே சாதனந்தோறும் இணைப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ லினக்ஸ் இடமளிக்கிறது.